கனகருக்குக் கிடைத்தது சாளரம்: ராஜ்குமாரை நினைவுகூரும் வேளையில்

ஏப்ரல் 24 கன்னட நடிகர் ராஜ்குமாரின் பிறந்தநாள். ஓசூர் வட்டாரத்தில் கன்னடம் பேசும் ரசிகர்களுக்கு அவர் எல்லைக்கு அப்பாலிருப்பவர் அல்லர். அவர் பிறந்த காஜனூரே ஈரோடு மாவட்டத் தாளவாடிப் பகுதியில்தான் இருக்கிறது.

அவர் ஏற்ற பாத்திரங்களில் நம் கவனத்திற்குரியவர்கள் விலக்கப்பட்ட பக்தர்கள். ‘பேடர கண்ணப்பா’வின் (1954) வேடன், பின்னர் கனகதாசர், கபீர், குயவர் கோரா. கள்ளிறக்கும் ஈடிகர் சமூகத்தில் பிறந்த ஒருவர் இவர்களுக்குத் திரையில் அளித்த கம்பீரம் சிறிதன்று. ரசிகர்கள் அதைப் போற்றுவது நியாயமே.

எனினும் கதை எங்கே முடிகிறது என்பதையும் காண வேண்டும். ‘பக்த கனகதாசா’வில் (1960) பி.பி. ஸ்ரீநிவாஸ் பாடிய புகழ்பெற்ற பாடல், கதவைத் திறக்குமாறு இறைவனிடம் மன்றாடுகிறது. உடுப்பி மரபுக்கதையில் கதவு திறக்கப்படவில்லை. சுவர் பிளக்கிறது, கிருஷ்ணர் சிலை மேற்கே திரும்புகிறது. அவ்விடத்துச் சாளரம் இன்றும் ‘கனகன கிண்டி’ என்றே வழங்குகிறது. கடவுள் திரும்பினார், கதவை மூடியவர்கள் மாறவில்லை. கனகர் குறுபர், தலித் அல்லர், அவருக்கே சாளரம்தான். நம் நந்தனாரோ தீயில் இறங்கிய பின்னரே தில்லைக்குள் செல்ல முடிந்தது.

கோயில் நுழைவைத் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1955இல் வந்தது. படம் வெளியானபோது அதற்கு ஐந்து வயது. இன்று அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம். பிறந்தநாளில் இப்படத்தைத் திரையிடும் ஓசூர் மாணவர்கள், அச்சட்டத்தின் 3ஆம் பிரிவையும் அவையில் வாசிக்கலாம்.