இரண்டாம் பின் யாருடையது?

பழைய சீரியல் கேபிளோடு மல்லுக்கட்டியவர்கள் முதலில் பார்ப்பது இரண்டாவது, மூன்றாவது பின்களைத்தான். அவை நேராகப் போகின்றனவா, குறுக்கே மாறுகின்றனவா? தொல்லை முழுவதும் அதில்தான் இருந்தது.

அந்தக் கேபிளுக்கான ஆர்எஸ்-232 தரத்தை அமெரிக்காவின் எலக்ட்ரானிக் இண்டஸ்ட்ரீஸ் அசோசியேஷன் 1960இல் வெளியிட்டது. அன்று அதற்கு இருந்தது ஒரே வேலை: ஒரு முனையில் டெர்மினல், மறுமுனையில் டெலிபோன் லைனில் பேசும் மோடம், இரண்டையும் இணைக்க வேண்டும். மைனஸ் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் 1, பிளஸ் 3க்கு மேலே ஏறினால் 0. கேபிளின் முனையில் பெரும்பாலும் கேனன் நிறுவனம் 1952இல் கொண்டுவந்த டி வடிவ கனெக்டர், 25 பின்களோடு. பரவலாகப் புழங்கிய 1969ஆம் ஆண்டின் ‘சி’ பதிப்புகூட அந்தக் கனெக்டரைக் கட்டாயமாக்கவில்லை. 1986இல் வந்த ‘டி’ பதிப்புதான் அதைச் செய்தது. அதற்குள் ஊர் வெகுதூரம் போய்விட்டது.

பின்களுக்கு டெர்மினலின் பக்கம் நின்றுதான் பெயர் வைத்தார்கள். இரண்டாம் பின் ‘அனுப்புவது’, மூன்றாம் பின் ‘பெறுவது’. மோடத்திலும் இரண்டாம் பின்னுக்கு அதே பெயர்தான், ஆனால் அது அங்கே கேட்கும் பின். இரு பக்கமும் யார் யார் என்று தெரிந்திருந்தவரை சிக்கலில்லை. பிறகு பிரிண்டர் வந்தது, பிளாட்டர் வந்தது, கம்ப்யூட்டரை நேரே கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆசையும் வந்தது. பிரிண்டர் டெர்மினலா, மோடமா? தரத்தில் பதில் இல்லை. கம்பெனிக்கு ஒரு முடிவு. இருவருமே டெர்மினலாக இருந்தால் இரண்டும் மூன்றும் முட்டிக்கொள்ளும். இடையில் மோடம் இருப்பதுபோல் ஏமாற்ற, கம்பிகளைக் குறுக்கே மாற்றிய ‘நல் மோடம்’ (null modem) கேபிள் பிறந்தது.

1984இல் ஐபிஎம் பிசி/ஏடி ஒரே கார்டின் தகட்டில் பிரிண்டர் போர்ட்டையும் சீரியல் போர்ட்டையும் அடக்கியது. 25 பின்னுக்கு இடமில்லை, 9 போதும் என்றார்கள். மோடத்தோடு பேச உண்மையிலேயே அவ்வளவுதான் தேவை, நல்ல சிக்கனம். ஆனால் போகிறபோக்கில் இரண்டையும் மூன்றையும் இடம் மாற்றிவிட்டார்கள்! 25 பின்னில் ஏழாவதாக இருந்த கிரவுண்டும் ஐந்துக்கு வந்தது. விளைவு வேடிக்கையானது. 9 பின் கம்ப்யூட்டரை 25 பின் மோடத்தோடு இணைக்கும் சாதாரண கேபிளில் எண்கள் குறுக்கே போகும். 9 பின்னிலிருந்து 25 பின்னுக்குப் போகும் நல் மோடம் கேபிளில் நேராகப் போகும். இந்த 9 பின் அமைப்புக்கு டிஐஏ-574 என்ற முறையான தரம் கிடைத்தது 1990இல், ஊரெல்லாம் பரவிய பிறகு.

1996இல் யுஎஸ்பி வந்தபோது அதை வடிவமைத்தவர்கள் ‘யார் எந்தப் பக்கம்’ என்ற கேள்வியைக் கேபிளிலேயே முடித்துவிட்டார்கள். கம்ப்யூட்டர் பக்கத்துக்குத் தட்டையான ஏ பிளக், பிரிண்டர் பக்கத்துக்குச் சதுரமான பி பிளக். மாற்றிச் செருகவே முடியாது.