நிகோபார் காட்டுக்கு ஹரியாணா ஈடாகுமா?

புது தில்லி: கிரேட் நிகோபார் தீவில் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரியம் அமைக்க 130.75 சதுர கி.மீ. வனத்தை ஒதுக்க மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2022-ல் கொள்கையளவில் ஒப்புதல் அளித்தது. அங்கு 9.64 லட்சம் மரங்கள் வெட்டப்படலாம் என 2023-ல் நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. ஈடாக மரம் வளர்க்கத் தேர்வானது, கடலே இல்லாத ஹரியாணா.

இந்த ஏற்பாட்டின் பொருத்தமின்மையை உணர, அந்தமான்-நிகோபார் கரையோரக் காடுகளில் வளரும் புன்னை ஒன்றே போதும். சங்க இலக்கியம் நெய்தல் நிலத்துக்கு உரியதாகப் போற்றும் மரம் இது. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் தல விருட்சமும் இதுவே.

எதிரெதிராக அமைந்த தடித்த, பளபளப்பான இலைகள், அவற்றில் நெருக்கமாக ஓடும் இணை நரம்புகள், மணமிக்க வெண்பூக்கள், உருண்டைக் காய்கள் ஆகியவை புன்னையின் அடையாளங்கள். அதே கரைகளில் வளரும் நாட்டு வாதுமையின் இலைகளோ கிளை நுனியில் கொத்தாக அமைந்து, உதிருமுன் சிவக்கும்.

உப்புக் காற்றையும் மணலையும் தாங்கி ஆண்டு முழுவதும் நிழல் தருவதால், கடலோரச் சாலைகளுக்கும் பூங்காக்களுக்கும் புன்னை ஏற்றது. மெதுவாக வளர்ந்து அகலமாகப் படரும் என்பதால் போதிய இடைவெளி விட்டு நட வேண்டும். கடலாமைகள் முட்டையிடும் திறந்த மணற்பரப்பில் மட்டும் எந்த மரத்தையும் நடலாகாது. துறைமுகத்துக்குத் தேர்வான கலாத்தியா விரிகுடா அத்தகைய இடமே.

2004 சுனாமியின்போது நிலம் தாழ்ந்து, கரையோரக் காடுகளை இழந்த தீவு இது. புதிய நகரியத்தில் புன்னையை நடுவது வரவேற்கத்தக்கதே. எனினும், அழகுக்காக நடப்படும் மர வரிசை காடாகிவிடாது. கரையோரக் காட்டுக்கான ஈட்டைக் கரையில்தான் தேட வேண்டும்.