உங்களுக்குத் தெரியுமா? முதலில் உருகுவது மேல்தோல்தான்!

ஃப்ரீசரிலிருந்து இரண்டு ஐஸ்கட்டிகளை எடுத்து ஒன்றோடொன்று அழுத்திப் பிடியுங்கள். கொஞ்ச நேரத்தில் ஒட்டிக்கொள்ளும். இதை வைத்துத்தான் 1850-இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே ஒரு கருத்தைச் சொன்னார். பனிக்கட்டி முழுதாக உறைந்திருக்கும்போதும் அதன் மேற்புறத்தில் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று இருக்கிறது. இரு கட்டிகளும் சேர்ந்ததும் படலம் நடுவில் மாட்டிக்கொண்டு உறைந்துவிடுகிறது என்றார். அப்போது அதை ஏற்காதவர்கள் பலர். இன்றைய கருவிகள் அந்தப் படலத்தை நானோமீட்டர் கணக்கில் அளந்தே காட்டுகின்றன.

*

அது ஏன் மேற்புறத்தில் மட்டும்? உள்ளே இருக்கும் அணுவை எல்லாப் பக்கமும் அக்கம்பக்கத்து அணுக்கள் பிடித்து வைத்திருக்கின்றன. மேலே இருப்பதற்கு ஒரு பக்கம் வெறும் வெளி. பிடிமானம் குறைந்தது முதலில் ஆட்டம் காண்கிறது. உலோகத்திலும் இதே கதைதான். காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். ஆனால் அந்தச் சூட்டை எட்டுவதற்கு முன்பே அதன் மேல் அடுக்குகள் இளகிவிடுவதை 1985-இல் நெதர்லாந்து விஞ்ஞானிகள் ஒரு காரீயப் படிகத்தில் கண்டார்கள்.

*

பனிச்சறுக்குக் காலணியின் கத்தி அழுத்துவதால்தான் பனி உருகி வழுக்குகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். அந்த அழுத்தம் உருகுநிலையைச் சில டிகிரிதான் இறக்கும். மைனஸ் 20 டிகிரியிலும் மக்கள் சறுக்கி விளையாடுகிறார்களே! உராயும்போது பிறக்கும் சூடும், ஃபாரடே சொன்ன அந்த இளகிய மேல்தோலும்தான் பெரும்பங்கு வகிக்கின்றன.

*

ஈயச்சொம்பில் ரசம் வைக்கும் வீடுகளில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. புளித்தண்ணீரை ஊற்றிய பிறகுதான் சொம்பை அடுப்பில் ஏற்ற வேண்டும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும்; கேஸ் அடுப்பின் தீயோ ஆயிரம் டிகிரியைத் தாண்டியது. உள்ளே ரசம் இருக்கும்வரை பயமில்லை. வருகிற சூட்டையெல்லாம் தண்ணீர் வாங்கிக்கொள்வதால் சொம்பின் அடிப்பக்கம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும்.

எங்கள் வீட்டில் ஒருமுறை வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு யாரோ வாசல் பக்கம் போய்விட்டார்கள். நான் பார்க்கும்போது அடிப்பாகம் சற்றே தொங்கியிருந்தது. மங்கலாகக் கிடந்த ஈயம் அந்த இடத்தில் மட்டும் பாதரசம்போல் பளபளத்தது. அடுத்த நொடி பொத்தென்று விழுந்து, பர்னர்மேல் வெள்ளி முத்துகளாகச் சிதறியது. பாட்டி காலத்துச் சொம்பு. அந்த ரசத்தின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

வாங்கும்போது ஒன்றைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சமையலுக்கு உரியது வெள்ளீயம். காரீயம் வேறு உலோகம்; அது நஞ்சு. தமிழில் இரண்டுக்கும் ஈயம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதால், விலை குறைவு என்று ஏமாந்துவிடக் கூடாது.

*

'ஈயம் பூசலையோ ஈயம்!' என்று தெருவில் குரல் வந்த காலத்தில், அந்தத் துருத்தி அடுப்புக்குப் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? பித்தளைப் பாத்திரம் நன்றாகக் காய்ந்ததும் ஈயம் பூசுகிறவர் நவச்சாரத்தைத் தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை கிளம்பி மூக்கில் ஏறும். வெள்ளீயக் குச்சியை உட்புறத்தில் ஓர் இழுப்பு இழுத்து, பஞ்சுத் துணியால் சுழற்றித் துடைப்பார். மஞ்சள் பித்தளை கண்ணெதிரே வெள்ளியாகிவிடும்! ஏதோ வித்தை என்றுதான் சிறுவயதில் நினைத்தேன். வித்தை முழுக்க நவச்சாரத்தில் இருக்கிறது. அது பாத்திரத்தின் மேல் படிந்திருக்கும் களிம்பை அரித்து எடுத்துவிடுகிறது. சுத்தமான உலோகம் கிடைத்தால்தான் உருகிய ஈயம் அதைப் பற்றிக்கொண்டு பரவும். இல்லையென்றால் தாமரை இலைத் தண்ணீர்போல் உருண்டு ஓடும். பூசிய அந்த மெல்லிய தோல்தான் புளிக்கும் பித்தளைக்கும் நடுவில் நின்று நம்மைக் காப்பாற்றியது.

*

அதே வெள்ளீயம்தான் உங்கள் ஜன்னல் கண்ணாடிக்கும் வழவழப்புத் தந்தது. முன்பெல்லாம் நல்ல தட்டைக் கண்ணாடி வேண்டுமென்றால் இரு பக்கமும் தேய்த்து மெருகேற்ற வேண்டும். உருகிய வெள்ளீயத் தொட்டியின்மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிடும் முறையை இங்கிலாந்தில் அலஸ்டேர் பில்கிங்டன் உருவாக்கினார். 1959-இல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. திரவத்தின்மேல் திரவம் மிதந்தால் தானாகவே சமமாகிவிடும், தேய்க்கவே வேண்டாம். கண்ணாடியின் ஒரு பக்கத்தில் வெள்ளீயத்தின் சுவடு இன்றும் தங்கியிருக்கும். புறஊதா விளக்கின் ஒளியில் அந்தப் பக்கம் மட்டும் மங்கலாக ஒளிரும்.

*

வெயிலில் உருகி மறுபடி இறுகிய சாக்லேட்டின் மேல் வெள்ளை பூத்திருந்தால் பூஞ்சை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கோகோ கொழுப்பு ஆறு விதமான படிகங்களாக உறையும். பளபளப்பும் 'டக்'கென்று உடையும் தன்மையும் தருவது, சுமார் 34 டிகிரியில் உருகும் ஒரே ஒரு வகை. அது கலைந்து தாறுமாறாக உறையும்போது கொழுப்பு மேலே வந்து பூக்கிறது. தாராளமாகச் சாப்பிடலாம்.

*

மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் பாட்டிலைப் பாருங்கள். உறைந்த எண்ணெயின் நடுவில் சின்னக் குழி விழுந்திருக்கும். ஐஸ் தட்டிலோ ஒவ்வொரு கட்டியும் நடுவில் மேடு தட்டியிருக்கும். எண்ணெய் உறையும்போது சுருங்குகிறது, தண்ணீர் உப்புகிறது. தண்ணீரின் இந்த அபூர்வ குணத்தால்தான் ஏரிகளில் பனிக்கட்டி மேலே மிதந்து, அடியில் மீன்கள் உயிர் பிழைக்கின்றன.

*

சித்திரை வெயிலில் செருப்பைப் பிடித்துக்கொள்ளும் தார்ச்சாலை, சரியாகச் சொன்னால், உருகுவதில்லை. தாருக்கு உருகுநிலை என்று ஓர் எண் கிடையாது; சூடு ஏற ஏற இளகிக்கொண்டே போகும்.

*

வானிலிருந்து விழும் விண்கல்லின் மேல் ஒரு கறுப்புத் தோல் இருக்கும். கனம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்குள்தான். காற்று மண்டலத்தில் பாய்ந்து வரும் சில விநாடிகளில் கல்லின் மேற்புறம் உருகி, உருகியதெல்லாம் உடனுக்குடன் பிய்த்துக்கொண்டு போய்விடுகிறது. போகும்போது சூட்டையும் எடுத்துப் போவதால், விண்வெளியின் குளிரில் கிடந்த உட்புறத்துக்குத் தகவலே போவதில்லை!

மணலில் மின்னல் இறங்கினால் நடப்பது வேறு. மணல் உருகிக் குழாய் வடிவில் கண்ணாடியாக உறையும். வெளிப்பக்கம் மணல் ஒட்டிச் சொரசொரப்பாக இருக்கும். உள்ளே விரலை விட்டால் வழவழவென்றிருக்கும்.

*

இனி சொல்லப்போவது என்னைத் தூங்கவிடாத சங்கதி. புதிதாகப் பெய்த பனி, தன்மேல் விழும் சூரிய ஒளியில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். திறந்த கடல் நீர் திருப்பி அனுப்புவது 10 சதவீதத்துக்கும் குறைவு. ஆர்க்டிக்கில் பனி உருகிய இடமெல்லாம் வெள்ளை போய்க் கருநீலமாகிறது; கருநீலம் வெயிலைக் குடிக்கிறது; அந்தச் சூட்டில் பக்கத்துப் பனியும் உருகுகிறது. 2012 ஜூலையில் சில நாட்கள், கிரீன்லாந்துப் பனிப்பரப்பின் மேற்புறத்தில் சுமார் 97 சதவீதம் இளகியிருந்ததைச் செயற்கைக்கோள்கள் காட்டின. 2021 ஆகஸ்ட் 14 அன்று, 3,200 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அதன் உச்சியில் மழை பெய்தது. அங்கே மழை பதிவானது அதுவே முதல்முறை.

*

அதே கிரீன்லாந்தில், 1870-இல் நோர்டன்ஷியோல்ட் என்ற ஆய்வுப் பயணி பனியின்மேல் கறுப்பான தூளைக் கண்டார். காற்று கொண்டுவந்த தூசு ஒரு சிட்டிகை பனியில் விழுந்தால் போதும். வெயிலை வாங்கிச் சூடாகி, தனக்கடியில் இருக்கும் பனியை உருக்கி, கிணறு வெட்டினாற்போல் நேராக இறங்கிவிடும். பனிப்பரப்பு முழுக்கச் சல்லடைக் கண்ணாகச் சின்னச் சின்னக் குழிகள், ஒவ்வொன்றிலும் தெளிந்த தண்ணீர், அடியில் ஒரு கறுப்புப் படிவு. அந்தப் படிவில் பாசி வளர்கிறது. எட்டுக் கால்களோடு, ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத நீர்க்கரடிகள் அதைத் தின்று வாழ்கின்றன.