ஐந்து சாட்சிகளும் ஆறாவது எண்ணும்

429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. இரண்டை முப்பத்திரண்டு முறை எழுதிப் பெருக்கி, வரும் விடையோடு ஒன்றைக் கூட்டினால் கிடைப்பது இந்த எண். பார்வைக்கு இதில் சிறப்பு எதுவும் தெரியாது. ஆனால் கணித மேதை ஒருவரைத் தவறிழைக்க வைத்த பெருமை இதற்கு உண்டு.

பெர்மா பிரான்சு நாட்டவர்; துலூஸ் நகர நீதிமன்றத்தில் பதவி வகித்தவர். கணிதம் அவருக்கு ஓய்வுநேரப் பொழுதுபோக்கு. 2-இன் அடுக்காக 1, 2, 4, 8, 16 என்று இட்டு, ஒவ்வொன்றோடும் 1 கூட்டினார். 3, 5, 17, 257, 65537 கிடைத்தன. ஐந்தும் பகா எண்கள்! அடுத்த அடுக்கு 32. அங்கும், அதற்கு அப்பாலும் பகா எண்களே வரும் என்று 1640-இல் நண்பருக்கு எழுதினார். தம்மிடம் நிரூபணம் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. தேர்வில் இரண்டு எடுத்துக்காட்டுகளைக் காட்டிவிட்டு, "ஆகவே எல்லா எண்களுக்கும் பொருந்தும்" என்று எழுதும் நம்மைவிட அவர் எவ்வளவோ மேல்.

ஏறத்தாழ 90 ஆண்டுகள் அந்த ஊகம் அசையாமல் நின்றது. 1729-இல் கோல்ட்பாக் எழுதிய கடிதம் ஒன்று ஆய்லரின் கவனத்தை இதன்பால் திருப்பியது. 1732-இல், 25 வயது இளைஞரான ஆய்லர் விடை கண்டார்:

4294967297 = 641 × 6700417

பெருக்கிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலைதான். ஆனால் 641-ஐக் கண்டுபிடிப்பது எப்படி? இவ்வெண்ணின் வர்க்கமூலம் 65536-ஐ ஒட்டியது. அதற்குட்பட்ட பகா எண்கள் 6542. அத்தனையாலும் வகுத்துப் பார்ப்பதா? தேவையில்லை. இதன் பகாக் காரணி எதுவாயினும், அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். பின்னாளில் ஆய்லரே மெய்ப்பித்த விதி இது. இந்த வகைப் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று செல்கின்றன. ஐந்தாவது முயற்சியிலேயே விடை! பெர்மாவின் பெயர் தாங்கிய தேற்றத்திலிருந்தே இவ்விதி பிறக்கிறது. அவர் ஏன் இந்த ஐந்து வகுத்தல்களைச் செய்து பார்க்கவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

வகுக்காமலேயே இதை மெய்ப்பிக்கும் அழகான வழியும் உண்டு. 641-ஐ இருவிதமாக எழுதலாம்:

641 = 5 × 2⁷ + 1
641 = 5⁴ + 2⁴

இரண்டாவதை 2²⁸-ஆல் பெருக்கினால் 5⁴ × 2²⁸ + 2³². இது 641-இன் மடங்கு. இனி 5⁴ × 2²⁸ என்பது 640⁴ அல்லவா? 640⁴ − 1 = (640 − 1)(640 + 1)(640² + 1). நடுவில் 641 நிற்கிறது; எனவே இதுவும் 641-இன் மடங்கே. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் எஞ்சுவது 2³² + 1. பள்ளியில் படித்த இயற்கணிதமே போதுமானதாயிற்று.

ஊகம் பொய்த்தாலும் பெர்மாவின் எண்கள் வீண்போகவில்லை. பதினேழு பக்கமுள்ள ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் கொண்டே வரைய முடியும் என்று 1796-இல் காஸ் கண்டார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது நிரம்பவில்லை. அந்த 17, பெர்மாவின் வரிசையில் உள்ள அதே 17தான்.

65537-க்குப் பிறகு இவ்வரிசையில் ஒரு பகா எண்ணும் இதுவரை அகப்படவில்லை. நம் எண் தொடங்கி அடுத்தடுத்த 28 எண்களும் பகு எண்களே என்று தெரிந்துவிட்டது. இருபத்தொன்பதாவது எண் எவ்வகை என்று யாருக்கும் தெரியாது. தாளில் எழுதிப் பார்க்கலாமென்றால், அதற்கு 258 கோடிக்கு மேற்பட்ட இலக்கங்கள்!