சவுக்கு லோடு ஏற்றிய டிராக்டர் ஏன் முன்சக்கரத்தைத் தூக்குகிறது?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைத் தாண்டி, புதுச்சேரி, கடலூர் பக்கம் போகிறவர்களுக்கு இது பழகிய காட்சி. முன்னால் ஒரு டிராக்டர். அதன் பின்னால் டிரெய்லர். டிரெய்லரைத் தாண்டி நாலைந்து அடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சவுக்குக் கட்டைகள். கடைசிக் கட்டையின் நுனியில் ஒரு சிவப்புத் துணி. லோடின் உச்சியில் தலைக்குத் துண்டு கட்டிய இரண்டு மூன்று பேர். பின்னால் வரும் கார்க்காரர் ஹாரன் அடித்துவிட்டு, ‘இவ்வளவு ஏத்தணுமா?’ என்று முணுமுணுத்தபடி முந்திப் போவார்.

நியாயமான கேள்விதான். ஆனால் பேராசை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாது. அந்த லோடின் உயரத்துக்குக் காரணம் மரத்துக்குள் இருக்கும் தண்ணீர்.

ஒரு நாள் போனா, ஒரு நாள் எடை போச்சு

19ஆம் நூற்றாண்டில் ரயில் என்ஜின்களுக்கு விறகு வேண்டும் என்பதற்காக மெட்ராஸ் மாகாணத்துக் கடலோரங்களில் சவுக்கு பெருமளவில் நடப்பட்டது. நிலக்கரி வந்து, டீசல் வந்து, மின்சாரமும் வந்துவிட்டது. சவுக்கு மட்டும் போகவில்லை. மணலில் வளரும். வேரில் இருக்கும் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிரியின் துணையால் காற்றில் உள்ள நைட்ரஜனைத் தானே எடுத்துக்கொள்ளும். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் வெட்டுக்கு வந்துவிடும். பருத்த அடிக்கட்டை காகித ஆலைக்கும், நேரான கழி சாரம் கட்டவும் பந்தல் போடவும், மிச்சமெல்லாம் விறகுக்கும் போகும். வேரையும் தோண்டி எடுத்து விற்றுவிடுவார்கள். யூகலிப்டஸ் போல வெட்டிய இடத்தில் இது நன்றாகத் துளிர்க்காது என்பதால் அடிக்கட்டையை விட்டுவைப்பதில் லாபம் இல்லை.

ஆலைக்கும் விறகுக்கும் போகும் மரத்துக்கு விலை எடைக் கணக்கில்தான். இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். 1,000 கிலோ மரத்தில் 500 கிலோ தண்ணீர், 500 கிலோ மரம். மரம் வெயிலில் கிடந்து தண்ணீரின் பங்கு பாதியிலிருந்து 40 சதவீதமாக இறங்கினால் மொத்த எடை எவ்வளவு ஆகும்? 900 கிலோ என்று சட்டெனத் தோன்றும். தப்பு. மரத்தின் 500 கிலோ அப்படியேதான் இருக்கிறது. அது இப்போது மொத்தத்தில் 60 சதவீதம். கணக்குப் போட்டால் மொத்த எடை 833 கிலோ. அதாவது டன்னுக்கு 167 கிலோ காற்றில் போய்விட்டது. ஒரு ஏக்கர் தோப்பில் 40 டன் விளைந்திருந்தால், ஆறரை டன்னுக்கும் மேலே போச்சு. யாரும் திருடவில்லை, வெயில் எடுத்துக்கொண்டது. மெல்லிய கட்டையும் தோல் உரித்த கட்டையும் இன்னும் சீக்கிரம் காயும்.

விறகாக எரிப்பவருக்குக் காய்ந்த மரம்தான் நல்லது. தண்ணீரை ஆவியாக்கவே வெப்பத்தில் ஒரு பங்கு வீணாகும் என்பதால் செங்கல் சூளைக்காரர் ஈர மரத்தை விரும்ப மாட்டார். எரிப்பவருக்கு லாபமாக இருப்பது விற்பவருக்கு நஷ்டம்.

எனவே மரம் சாய்ந்த நிமிடத்திலிருந்து எல்லோருக்கும் அவசரம். டன் கணக்கில் விற்ற விவசாயிக்கு அவசரம். தோப்பையே குத்துமதிப்பாக மொத்த விலை பேசி வாங்கியிருந்தால் அந்த நஷ்டம் வியாபாரி தலையில் விழும், அவருக்கு அவசரம். வெட்டுக்கூலியும் டன்னுக்கு இவ்வளவு என்று பேசப்பட்டிருந்தால், கோடாரி பிடித்தவரின் கூலியும் எடைமேடையில்தான் தீர்மானமாகிறது. அவருக்கும் அவசரம்.

டிராக்டர்காரருக்கோ நடைக்கு இவ்வளவு என்று வாடகை. அந்த 40 டன்னை நடைக்கு 4 டன் வீதம் இழுத்தால் பத்து நடை. 6 டன் ஏற்றினால் ஏழே நடையில் முடிந்துவிடும். மூன்று நடை வாடகை மிச்சம், அரை நாள் மிச்சம், டீசலும் மிச்சம். ‘இன்னும் ரெண்டு கட்டு போடுப்பா, தாங்கும்’ என்ற குரல் எழுவது இந்தக் கணக்கிலிருந்துதான்.

தாங்குவது டிரெய்லர், கவிழ்வது டிராக்டர்

‘தாங்கும்’ என்பதில் பாதி உண்மை இருக்கிறது. இரும்புச் சட்டமும் அச்சும் பெரும்பாலும் தாங்கிவிடும். ஆனால் இழுக்கும் டிராக்டரின் எடை சுமார் இரண்டு டன்தான். தன்னைவிட மூன்று மடங்கு எடையை மணலில் இழுக்கச் சொன்னால் என்ன நடக்கும்?

டிராக்டரின் பின்சக்கரம் தரையைப் பின்னோக்கித் தள்ளுவதால்தான் வண்டி முன்னே நகர்கிறது. சக்கரம் மணலில் புதைந்து சுற்ற முடியாமல் மாட்டிக்கொண்டால், என்ஜினின் விசைக்குப் போக வேறு வழி வேண்டும். சக்கரம் சுற்றாவிட்டால், அச்சை மையமாக வைத்து டிராக்டரின் உடம்பே மேல்நோக்கிச் சுற்றும். முன்சக்கரம் தூக்குவது இதனால்தான். தூக்க ஆரம்பித்ததிலிருந்து, பின்பக்கமாக மல்லாந்து ஓட்டுநர் மேல் விழுவதற்கு ஏறக்குறைய ஒன்றரை விநாடி போதும். அதில் பாதி நேரத்துக்குள் கிளட்சை மிதிக்காவிட்டால், அப்புறம் மிதித்தும் பிரயோஜனம் இல்லை. பத்து வருஷ அனுபவம் உள்ளவருக்கும் அந்த அவகாசம் போதாது.

மாட்டிக்கொண்ட சக்கரத்தோடு குறுக்காக ஒரு சவுக்குக் கட்டையைச் சேர்த்துக் கட்டி, ‘இப்போ எடு’ என்று ஆக்ஸிலரேட்டரை அழுத்தும் பழக்கம் தோப்புகளில் உண்டு. வயலில் உழவின்போதும் செய்வார்கள். பல தடவை வண்டி வெளியே வந்துவிடும் என்பதால்தான் இந்தப் பழக்கம் நிலைத்திருக்கிறது. கட்டை மண்ணில் ஊன்றிக்கொண்டு சக்கரம் அறவே சுற்றாமல் போகும் அந்த ஒரு தடவையில், மேலே சொன்ன ஒன்றரை விநாடி தொடங்கிவிடும். புதைந்த வண்டியைப் பின்பக்கமாக எடுக்க வழி இருந்தால் அதுதான் நல்லது. இல்லையென்றால் பாதி லோடை இறக்கிவிட்டு, சக்கரத்தின் முன்னால் மண்ணை வெட்டிச் சரிவாக்கி, மெதுவாக எடுக்க வேண்டும். அரை மணி நேர வேலை; யாருக்கும் பிடிக்காத வேலை.

கொக்கி எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்பதும் முக்கியம். டிராக்டரின் பின்னால், கீழே இருக்கும் டிராபாரில் மாட்டினால் இழுவை அச்சுக்குக் கீழே இருக்கும். முன்பக்கத்தைத் தூக்கவிடாமல் ஓரளவு பிடித்துக்கொள்ளும். ‘கீழே மாட்டினா மணல்ல இடிக்குது’ என்று அச்சு மட்டத்துக்கோ அதற்கு மேலேயோ சங்கிலியை மாட்டினால் கதை தலைகீழ். ஒவ்வொரு இழுப்பும் டிராக்டரைப் பின்னால் சாய்க்கும். விழுந்த மரத்தைத் தோப்புக்குள்ளிருந்து தனியாகச் சங்கிலி போட்டு இழுக்கும்போதும் இதே கதைதான்.

அடுக்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. இரண்டு சக்கர டிரெய்லர் ஒரு தராசு மாதிரி. நீளக் கட்டைகள் பின்னால் நீட்டிக்கொண்டு பாரம் அச்சுக்குப் பின்னே போனால், டிரெய்லரின் முன்முனை கொக்கியை மேலே தூக்கும். டிராக்டரின் பின்சக்கரத்துக்குப் பிடிமானம் குறைந்து வழுக்கும். எல்லாப் பாரத்தையும் முன்னால் அடுக்கினால் கொக்கி அழுந்தும், முன்சக்கரம் லேசாகும், ஸ்டியரிங் திருப்பினாலும் வண்டி திரும்பாது. பருத்த அடிப்பக்கம் முன்னாலும் மெல்லிய நுனி பின்னாலும் இருக்குமாறு போட்டு, பாரம் அச்சுக்குச் சற்று முன்னே விழும்படி அடுக்குவது பழகிய கைகளுக்குத் தெரியும். நான்கு சக்கர டிரெய்லரில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் தோப்புக்குள் திருப்புவது கஷ்டம்.

தார் ரோடு வந்ததும் நிம்மதியா?

மணலைத் தாண்டிவிட்டால் ஆபத்து முடிந்தது என்று நினைப்பது சகஜம். உண்மையில் வேறு ஆபத்து ஆரம்பிக்கிறது. விவசாய டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கே கிடையாது. டிராக்டர் நின்றாலும் பின்னால் இருக்கும் ஆறு டன் நிற்காது. அது டிராக்டரைத் தள்ளும். வளைவில் என்றால் பக்கவாட்டில் மடக்கிப் போட்டுவிடும். வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. பாலத்து இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள், கையில் இருந்த ஒரே உதவியான என்ஜின் பிடிப்பையும் இழக்கிறார்கள்.

இன்னொரு சின்ன விஷயம். டிராக்டரில் பிரேக் பெடல் இடது, வலது எனத் தனித்தனியாக இரண்டு. வயலில் சட்டென்று திரும்ப ஒரு பக்கத்தை மட்டும் மிதிப்பார்கள். ரோட்டுக்கு வரும்போது இரண்டையும் சேர்த்துப் பூட்டும் கொக்கியை மாட்ட வேண்டும். மறந்துவிட்டு அவசரத்தில் ஒரு பெடலை மட்டும் மிதித்தால், வண்டி அந்தப் பக்கமாகச் சுழன்றுவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 194வது பிரிவுப்படி, 2019 திருத்தத்துக்குப் பிறகு, அளவுக்கு மீறிய பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய்; கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். மிகையான பாரத்தை இறக்கிய பிறகே வண்டி நகர முடியும். பக்கவாட்டிலோ பின்னாலோ லோடு நீட்டிக்கொண்டிருந்தால் அதற்கும் 20,000 ரூபாய். வண்டி எவ்வளவு தாங்கலாம் என்பது ஆர்.சி. புத்தகத்திலேயே இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், விவசாயி பணம் வாங்கப் பத்திரமாக மடித்து வைத்திருக்கும் எடைமேடை ரசீதுதான், வண்டி எவ்வளவு மிகையாக ஏற்றி வந்தது என்பதற்கும் சாட்சி.

பெரிய கருவி எதுவும் வாங்காமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு: வண்டிக்கு ஏற்ப வெட்டுவது. ஐந்து நாள் ஆள் விட்டு மொத்தத் தோப்பையும் சாய்த்துவிட்டு டிராக்டர் தேடினால், கிடைத்த வண்டியில் மலை போலத்தான் ஏற்றுவார்கள். அன்றைக்கு எத்தனை நடை ஓடுமோ அவ்வளவு மட்டும் வெட்டினால், நிற்கும் மரத்தின் ஈரம் எங்கேயும் போகாது. மணல் தாண்டும் வரை சின்ன லோடாக இழுத்து ரோட்டோரம் சேர்த்து, அங்கிருந்து லாரியில் ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ஏற்றுக்கூலி இரண்டு தடவை ஆகும் என்பதுதான் இதிலுள்ள கஷ்டம். புயல் வந்தால் இந்தத் திட்டம் எதுவும் நடக்காது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது மரங்கள் ஒரே காலையில் சாய்ந்தன. எப்போது வெட்டுவது என்ற முடிவு யார் கையிலும் இல்லை.

கவிழ்ந்தாலும் ஓட்டுநர் நசுங்காமல் காக்க, இருக்கைக்குப் பின்னால் வலுவான இரும்பு வளைவும் சீட் பெல்ட்டும் பொருத்தலாம். சுவீடன் 1959லேயே புதிய டிராக்டர்களுக்கு அந்தப் பாதுகாப்புச் சட்டத்தைக் கட்டாயமாக்கியது; சாவு வெகுவாகக் குறைந்தது. நம் ஊரில் பெரும்பாலான டிராக்டர்களில் இருப்பது வெயிலுக்கான கூரை மட்டும். அதன் குழாய்கள் வண்டியின் எடையைத் தாங்கப் போட்டவை இல்லை.

லோடின் உச்சியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த வளைவாலும் பயன் இல்லை. அவர்கள் உட்கார்ந்திருப்பது உருளும் கட்டைகளின் மேல். பிடித்திருப்பது அந்தக் கட்டைகளைக் கட்டிய அதே கயிற்றை. சரக்கு டிரெய்லரில் ஆள் ஏற்றக் கூடாது என்பதால், விபத்து நடந்தால் அவர்களுக்கு இழப்பீடு தர முடியாது என்று காப்பீட்டு நிறுவனங்கள் வாதாடுவது வழக்கம். தோப்பிலிருந்து எடைமேடைக்கும், அங்கிருந்து லோடு இறக்கும் இடத்துக்கும் அவர்கள் போயாக வேண்டும். தனியாக ஒரு ஷேர் ஆட்டோ வைத்தால் ஆகும் செலவு, மிச்சம் பிடித்த அந்த மூன்று நடையில் ஒரு நடையின் வாடகையைக்கூடத் தொடாது.