புள்ளி தொலைந்த படம்

எல்லவுக்கு வருவோர் ஒன்பது வளைவுப் பாலத்தைப் பாராமல் திரும்புவதில்லை. தெமோதரைக்குச் செல்லும் பாதையில், ஏறக்குறைய 300 அடி நீளமும் 80 அடி உயரமுமாக நிற்கும் அப்பாலம் 1921ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. வளைவுகளை வியப்போர் பலர். அவற்றை முதலில் தாளிலே எழுப்பிய பேனாவை நினைப்போர் சிலரே. அப்பாலத்தின் வரைபடங்கள், 1923இல் இலங்கைப் பொறியியற் சங்கம் வெளியிட்ட அறிக்கையில் இடம்பெற்றன. அக்காலத்தில் ஒவ்வொரு கோடும் கையால் இழுத்தது. ஒவ்வோர் எண்ணும் கையால் எழுதியது.

பாலத்துக்கு மட்டுமா படம் வேண்டும்? ஒரு சிறு வானொலிப் பெட்டிக்கும் படமே முதல். 1970க்கும் 1977க்கும் இடையில், இறக்குமதி இறுகிக் கிடந்த நாட்களில், மாணவராயிருந்த நாம் எல்லவில் வானொலி செய்யும் பித்துப் பிடித்து அலைந்தோம். கடையில் அச்சுப்படம் கிடைக்காது; எவரிடமேனும் இரவல் வாங்கிப் படியெடுக்க வேண்டும்.

அதற்கு மூலைமட்டமும் கவராயமும் போதா, கோட்டுப்பேனா வேண்டும். இரண்டு உருக்கு இதழ்களுக்கிடையே இந்திய மையைத் துளித்துளியாக விட்டு, திருகாணியைத் திருகினால் கோட்டின் பருமன் மாறும். எமது ஊர் மூடுபனியோ இவ்வேலைக்கு மாற்றாந்தாய்! காலையில் இழுத்த கோடு எளிதில் காயாது. சட்டைக்கை பட்டதும் இழுகிவிடும். பசையிட்ட ட்ரேசிங் துணியிலே ஒரு நீர்த்துளி விழுந்தாலோ அவ்விடம் பாழ்.

எழுத்து இடுவதற்கு வழிகள் சில இருந்தன. மெல்லிய பென்சிற் கோடுகள் இரண்டு இழுத்து அவற்றுக்கிடையே நிதானமாக எழுதுவது ஒன்று. ஸ்டென்சில் தகட்டின் துளை வழியே, குழாய்முனைப் பேனாவை நிமிர்த்திப் பிடித்து எழுதுவது மற்றொன்று. 1961இல் வெளிவந்த லெட்ராசெட் உலர் எழுத்துத் தாளை வைத்துத் தேய்த்தால், அச்சிட்டாற்போல எழுத்து ஒட்டிக்கொள்ளும். வானொலியின் முகப்பிலே ‘ஒலி’, ‘அலை’ என்று எழுத நமக்கும் ஆசைதான். ஆனால் அதில் தமிழெழுத்துத் தாளைத் தேடி நாம் கண்டதில்லை; வார்னிஷும் தூரிகையுமே துணை.

இவையெல்லாம் அழகுக்காகவே என்றுதான் நாம் எண்ணியிருந்தோம். ஒருநாள் எமது பெட்டி வாய் திறக்க மறுத்தது. மூன்று மாலைகள் தேடியும் பிழை அகப்படவில்லை. ‘திரான்சிற்றர்தான் கெட்டது’ என்று முடிவுகட்டி, காய்ச்சுகோலால் அதைக் கழற்றினோம். ஜேர்மானியத் திரான்சிற்றர் அதிக வெப்பம் தாங்காது. அதுவரை நன்றாயிருந்த அது, அப்போதுதான் உண்மையிலேயே மாண்டது! பிழை படத்தில் இருந்தது. மூலத்தில் 4.7 கிலோ ஓம் என்றிருந்த தடையியை, படியெடுக்கையில் புள்ளி விட்டுப்போனதால், 47 என்று பொருத்தியிருந்தோம். தடை பத்து மடங்கானது, மின்னோட்டம் சுருங்கியது, பெட்டி ஊமையானது.

புள்ளி கை தவறினால் போகும். படி மங்கினாலும் போகும். ஆகவேதான் வரைவோர் புள்ளி இருக்கும் இடத்திலேயே கிலோவைக் குறிக்கும் எழுத்தை வைத்து, ‘4 கே 7’ என்று எழுதும் வழக்கத்தைக் கைக்கொண்டனர். எழுத்து முழுதாய் அழிந்தாலன்றிப் பெறுமானம் மாறாது. நமக்கு இது புதிதன்று. ஓலையைத் துளைத்துவிடும் என்று அஞ்சிப் புள்ளியிடாது எழுதியோர் நம் முன்னோர். அவ்விடத்தில் எதையும் வையாமல், பொருளை அறிந்துகொள்ளும் பொறுப்பைப் படிப்பவரிடமே விட்டனர். அதனால் பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு யாவரும் அறிந்ததே.

கணினியில் வரையும் இன்றைய மாணவரும் ‘4 கே 7’ என்றே எழுதுவதைக் காண்கின்றோம். ஏனென்று கேட்டால் சிலர் விழிக்கின்றனர்!

தாத்தாவின் தகரப் பெட்டியில் கோட்டுப்பேனா கிடந்தால், மாணவர்களே, எறிந்துவிடாதீர்கள். இதழ்களிடையே இறுகிய மையை வெந்நீரில் ஊறவைத்து, மெல்லிய துணியால் துடையுங்கள். கத்தியால் சுரண்டினால் இதழ் கீறிப்போகும். துடைத்தபின் திருகாணியைத் தளர்த்தியே வையுங்கள்.