கோர்ட்டில் கட்டிய செக்யூரிட்டி பணம் தானா திரும்பி வராது!

ஒரு உதாரணம். போடிநாயக்கனூர்ல ஏலக்காய் வியாபாரம் பண்ற அப்பா மேல, 10 லட்சம் பாக்கின்னு ஒருத்தர் கேஸ் போடுறார். தீர்ப்புக்கு முன்னாடியே குடோன் சரக்கை ஜப்தி பண்ணணும்னு மனுவும் போடுறார். நீங்க சேமிப்பை எடுத்து கோர்ட்ல கட்டி, சரக்கைக் காப்பாத்துறீங்க. அந்தப் பணம் என்ன ஆகும்?

முதல்ல, கட்டியே ஆகணுமான்னு பாருங்க. சிவில் நடைமுறைச் சட்டம், ஆர்டர் 38, விதி 5 படி, தீர்ப்பு வந்தாலும் பணம் வசூலாகாதபடி சொத்தை விற்கவோ கடத்தவோ போறார்னு காட்டணும். பாக்கி இருக்குங்கிறது மட்டும் போதாது. 2007-ல் ராமன் டெக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான். மலையில விவசாயி கையில இருக்கிற விளைச்சலை இப்படி ஜப்தி கேட்கவே முடியாது (விதி 12). வியாபாரி சரக்குக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

கட்டினா, இதைக் கவனிங்க:

1. இது கடன் அடைச்சது ஆகாது. தோத்தாதான் இதிலிருந்து எடுப்பாங்க.

2. கட்டும்போதே, பேங்க் டெபாசிட்ல போடச் சொல்லி மனு கொடுங்க. இல்லேன்னா வட்டி வராம கிடக்கும்.

3. கேஸ் தள்ளுபடி ஆனா, தீர்ப்பு நகலோட பணத்தைத் திருப்பிக் கேட்டு உடனே மனு போடுங்க. எதிர்த்தரப்பு அப்பீல்ல தடை வாங்கிட்டா இழுத்துடும்.

4. பணம் பொதுவா பிரதிவாதியான அப்பா பேர்லதான் திரும்பும். அதனால நீங்க கொடுத்ததை பேங்க் மூலமா அனுப்பி, எழுத்துல வச்சுக்கோங்க.

கேஸ் ஜெயிச்சாச்சு, பணம் வந்துடும்னு உட்கார்ந்துடாதீங்க. கேட்டாதான் கிடைக்கும்!